டிக்கியில் ஒரு சாண்

ஷோரூமில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டிக்கி என்பார்கள். பத்தொன்பது வருடமாக ஒரே இடத்தில் கார் விற்கிறேன். மற்ற விற்பனையாளர்கள் வருகிறவரை முன் சீட்டில் உட்கார வைத்து ஸ்டியரிங்கைத் தடவிப் பார்க்கச் சொல்வார்கள். நான் நேராக வண்டிக்குப் பின்னால் கூட்டிப் போய் டிக்கியைத் திறந்து காட்டுவேன். முன்னால் இருப்பது எல்லாக் காரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போடுவது பின்னால் இருக்கிற இடத்துக்குத்தான். அந்தச் சண்டையைத் தீர்த்து வைக்கிறவன்தான் வண்டியை விற்பான்.

கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கென்று ஒரு தனி வித்தை வைத்திருந்தோம். பக்கத்தில் மைதானம் இருப்பதால் மாதத்துக்கு நாலைந்து பேராவது வருவார்கள். "பை உள்ளே போகுமா?" என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி. எங்கள் பை எந்தக் காரிலும் போகும். ஷோரூமுக்கென்று ஒரு மாதிரிப் பை உண்டு. அதில் இருந்த நீள மட்டையை எங்கள் மெக்கானிக் ஒரு சாண் வெட்டிவிட்டு, மேலே பிடியை மறுபடியும் மாட்டி வைத்திருந்தார். பைக்கு மேல் மழை உறை போட்டிருப்பதால் யாருக்கும் தெரியாது. குறுக்கே படுக்க வைத்து, டிக்கியைச் சாத்தி, "பார்த்தீங்களா?" என்பேன். வீட்டுக்குப் போய்ச் சொந்தப் பையை வைத்துப் பார்க்கும்போது மூடாது. பின் சீட்டை மடக்கிக்கொள்வார்கள். ஒருவரும் திரும்பி வந்து சட்டையைப் பிடித்ததில்லை. அதனால் அதைப் பொய் என்று நான் நினைத்ததும் இல்லை.

அந்தப் பழைய பை கிழிந்து, வெட்டிய மட்டையும் உடைந்துபோய், மட்டைகளோடு புதுப் பை ஒன்று, நான் சொல்ல வந்த நாளுக்கு முதல் நாள் சாயங்காலம் வந்திருந்தது. மேனேஜர் அறையில் அட்டைப் பெட்டிக்குள் அப்படியே கிடந்தது. ஆறு மாதமாக நகராமல் நடு ஹாலில் நின்ற வெள்ளைக் காரைக் காட்டி, "இந்த மாசம் இது போகலைன்னா நீ போகணும்" என்று மேனேஜர் சொல்லி மூன்று நாள் ஆகியிருந்தது. அவர் சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை.

அன்று காலையில் மெக்கானிக்கிடம் இரண்டு வேலை சொன்னேன். அவரை ஸ்பானர் என்போம். என்னைவிட நாலு வயது மூத்தவர். சொன்னதைச் சொன்னபடி செய்வார். ஏன் எதற்கு என்று கேட்டால் நான் எரிந்து விழுவேன் என்பதால் கேட்பதையே விட்டுவிட்டார். முதல் வேலையை ரிசப்ஷன் மேசைப் பக்கம் நின்று, எல்லார் காதிலும் விழச் சொன்னேன். சாம்பல் காருக்கு நாலு கதவுக்கும் ரப்பர் மாற்ற வேண்டும், நாளைக்கு டெலிவரி. இரண்டாவது வேலையை ஒர்க்‌ஷாப்புக்குள் போய்த் தணிந்த குரலில் சொன்னேன்.

"புதுப் பை வெள்ளைக் காருக்குப் பின்னாடி இருக்கும். நீள மட்டையை எடுத்துப் பழைய அளவுக்குக் கொண்டு வந்துடுங்கண்ணே. டிக்கி மூடணும்."

"பையை அங்க யாரு வைப்பா?"

"நான்தான் வைப்பேன்."

"ரப்பரை முடிச்சுட்டு மத்தியானத்துக்கு மேல பார்க்கிறேன்" என்றார். அத்தோடு நானும் மறந்துபோனேன்.

பதினோரு மணிக்கு ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். என்னைவிட அரை அடி உயரம். தோளில் கோல்ஃப் பை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராம். காலைப் பயிற்சியை முடித்துவிட்டு அப்படியே வந்திருந்தாள், காலணி ஓரத்தில் புல் ஒட்டியிருந்தது. வாசலில் நின்ற அவளுடைய பழைய சின்ன வண்டியைக் காட்டினாள்.

"அதுல டிக்கின்னு பேருக்குத்தான் இருக்கு. பையைப் பின் சீட்டுலதான் போடறேன். நீள மட்டையோட தலை கதவுல இடிக்கும். ஒவ்வொரு தடவையும் கதவை ரெண்டு தரம் சாத்தணும். பிரேக் போட்டா பை உருண்டு வந்து முன்னால இருக்கிற எங்கம்மா சீட்டுல முட்டும். 'இதுக்குப் பதிலா நீ ஒரு மாப்பிள்ளையைக் கட்டியிருந்தாக்கூட நான் இவ்வளவு இடிபட மாட்டேன்டி'ங்கிறாங்க."

நான் சிரித்தேன். நல்ல வாடிக்கையாளர் என்று மனசு கணக்குப் போட்டது.

"இன்னிக்கே பார்த்து முடிவு பண்ணணும்" என்றாள். "வீட்டுக்குப் போய் உட்கார்ந்தா நாளைய நினைப்புல வேற எதுவும் ஓடாது. நாளைக்குக் காலையில ஏழு பத்துக்கு எனக்குத் தேர்வுச் சுற்று. மாநில அணிக்கு ஒரே ஒரு இடம்தான் பாக்கி. மூணு வருஷமா இதுக்குத்தான் விடியறதுக்கு முன்னாடி எழுந்து ஓடறேன். வயசு வரம்பு இந்த வருஷத்தோட முடியுது. இனி இல்ல."

பேசிக்கொண்டே மழை உறையைக் கழற்றி நீள மட்டையை உருவிக் காட்டினாள். பிடி கறுத்து, விரல் படும் இடங்களில் தேய்ந்திருந்தது. "நான் இடது கைக்காரி. உயரமும் கூட. கடையில கிடைக்கிறது எதுவும் எனக்கு ஒத்து வராது. அளவு கொடுத்துச் செய்யச் சொல்லி நாலு மாசம் காத்திருந்து வாங்கினது. சரி, முதல்ல பையை வச்சுப் பார்த்துடலாமா?"

பத்தொன்பது வருடக் கண். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அந்த மட்டை வெள்ளைக் காரின் டிக்கியில் குறுக்கே போகாது. ஒரு சாண் இடிக்கும்.

"அவசரமென்ன டீச்சர், முதல்ல ஓட்டிப் பாருங்க" என்றேன். "ஓட்டமே பிடிக்கலைன்னா டிக்கியைப் பார்த்து என்ன பண்றது?" ஓட்டம் பிடித்துப்போனால் மனசு தானாகவே பின் சீட்டை மடக்கிக்கொள்ளும். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன்.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வெளியே நிற்கும் சிவப்பு டெஸ்ட் கார் டிக்கியும் இதே அளவுதான். அதில் வைத்துப் பார்த்துவிட்டால் கதை முடிந்தது. "பை இங்கேயே இருக்கட்டும் டீச்சர். அந்த வண்டி டிக்கியில விளம்பரப் பலகை, கொடிக்கம்பம்னு கண்ட சாமானும் கிடக்கு. மட்டையில கீறல் விழுந்துடும்."

"இதை விட்டுட்டு நான் எங்கேயும் போறதில்ல."

"இருபது நிமிஷம்தானே? நாலு பக்கமும் கண்ணாடி, கேமரா. யாரு தொடப்போறாங்க?"

தயங்கினாள். நானே அவள் தோளிலிருந்து பையை வாங்கி, வெள்ளைக் காருக்குப் பின்னால் அலுங்காமல் நிறுத்தி வைத்தேன்.

எங்கள் ஷோரூமில் ஒரு சட்டம். டெஸ்ட் டிரைவுக்குப் போகிற விற்பனையாளர் போனை ரிசப்ஷன் தட்டில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். யாரோ ஒருவன் போனில் அரட்டை அடித்துக்கொண்டிருந்தபோது வாடிக்கையாளர் விளக்குக் கம்பத்தில் கொண்டுபோய் இடித்ததிலிருந்து மேனேஜர் போட்ட உத்தரவு. நானும் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

டீச்சர் நன்றாக ஓட்டினாள். தன் போனை வண்டியோடு இணைத்து ஒரு பாட்டைப் போட்டு, ஸ்பீக்கர் எப்படி என்று கேட்டுப் பார்த்தாள். இருபது நிமிடம் என்று கிளம்பியது அரை மணி தாண்டியது. எனக்கு அதில் சந்தோஷம்தான். வண்டியைவிட்டு இறங்க மனசில்லாதவர்கள் வாங்காமல் போக மாட்டார்கள்.

ஒரு சிக்னலில் அவள் சட்டென்று பிரேக் போட்டாள். டிக்கியில் விளம்பரப் பலகை சறுக்கி வந்து தட்டென்று இடித்தது.

"என்னது?" என்றாள்.

"பலகை டீச்சர். குறுக்க வச்சிருந்தா நகராது, நீளவாக்குல கிடக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தவனுக்குப் பாதியில் பேச்சு நின்றுபோனது. நீள மட்டை. வெள்ளைக் காருக்குப் பின்னாடி இருக்கும். யாரு வைப்பா? நான்தான் வைப்பேன்.

மணி பார்த்தேன். பதினொன்று ஐம்பது. ஸ்பானர் மத்தியானத்துக்கு மேல் என்றுதான் சொன்னார். ஆனால் அவர் கை வேகமான கை. ரப்பர் சீக்கிரம் முடிந்துவிட்டால்? புதுப் பை இன்னும் பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. அவர் அதைப் பார்த்ததும் இல்லை. வெள்ளைக் காருக்குப் பின்னால் நிற்பது எதுவோ, அதுதான் அவருக்குப் பை.

"திரும்பிடலாமா டீச்சர்?"

"மேட்டுல ஏத்திப் பார்க்கலையே. மைதானத்துக்குப் போற ஏத்தம் இருக்கே, அதுலதான் என் பழைய வண்டி மூச்சு வாங்கும்."

"பெட்ரோல் கொஞ்சமாத்தான்..."

"முள்ளு பாதிக்கு மேல நிக்குது."

"மேனேஜர் வந்திருப்பாரு, அவரைப் பார்த்துட்டீங்கன்னா..."

"காத்திருக்கட்டும் சார். வாங்கப் போறவ நான்தானே?" சிரித்துக்கொண்டே மேட்டுப் பாதைக்குத் திருப்பினாள்.

உண்மையைச் சொல்லிவிடலாம். 'டீச்சர், உங்க மட்டையை வெட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன், வண்டியைத் திருப்புங்க.' சொன்னால் எதற்கு வெட்டச் சொன்னேன் என்று கேட்பாள். அதைச் சொன்னால் வெள்ளைக் கார் போச்சு, நானும் போனேன். வேறு வழி இருக்கும்போது வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வானேன்?

"உங்க போனைக் கொஞ்சம் தர்றீங்களா? ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு விஷயம் சொல்லணும்."

கொடுத்தாள். என் சட்டைப் பையில் அச்சடித்திருந்த ஷோரூம் நம்பரைத் தலைகீழாகப் பார்த்துப் பார்த்து அழுத்தினேன். போன் வண்டியோடு இணைந்திருந்தது எனக்கு உறைக்கவே இல்லை. நாலு ஸ்பீக்கரிலும் மணி அடித்தது. ரிசப்ஷன் பெண்ணின் குரல் வண்டி முழுக்கக் கேட்டது.

"வணக்கம், சொல்லுங்க."

"நான்தாம்மா, டிக்கி."

"என்னண்ணா, யாரு நம்பர் இது?"

"ஸ்பானர் அண்ணன்கிட்ட உடனே போய்ச் சொல்லு. காலையில நான் சொன்ன வேலையை இப்போ செய்ய வேணாம். நான் வந்தப்புறம்தான் கை வைக்கணும்."

"எந்த வேலைண்ணா?"

டீச்சர் ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காது இங்கேதான் இருந்தது. மட்டை. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"அதாம்மா, காலையில சொன்னேனே. அவருக்குத் தெரியும்."

"ஓ, அதுவா? சரிண்ணா, இப்பவே சொல்லிடறேன்."

வைத்துவிட்டாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது, ஆனால் முழுசாக வரவில்லை. அதுவா என்றாளே, எதுவாம்? இன்னொரு தடவை கூப்பிட்டுச் சொல்லலாமா? நாலு ஸ்பீக்கரும் என்னையே பார்த்தன.

"என்ன வேலை?" என்று டீச்சர் கேட்டாள்.

"சும்மா, ஒர்க்‌ஷாப் வேலை."

மேட்டில் வண்டி சுலபமாக ஏறியது. உச்சியில் ஓரங்கட்டி நிறுத்தினாள். கீழே மைதானம் தெரிந்தது. ஒரு கொடியைக் காட்டி, "நாளைக்கு முதல் அடி அங்கேருந்துதான்" என்றாள். "அது நீள மட்டை அடி. அது நேரா போயிடுச்சுன்னா மிச்சம் பதினேழு குழியையும் பார்த்துக்குவேன். கோணிக்கிச்சுன்னா அன்னிக்கு முழுக்கக் கோணல்தான். எனக்கு அப்படித்தான்." பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சார், நேர்மையா ஒண்ணு சொல்லுங்க. என் பை அந்த டிக்கியில போகுமா?"

இரண்டாவது வாய்ப்பு. ஒரு நாளில் இரண்டு தரம் யாருக்குக் கிடைக்கும்?

"வைக்கிற விதத்துல இருக்கு டீச்சர்" என்றேன்.

"போச்சுன்னா வாங்கிக்கிறேன். வண்டி பிடிச்சிருக்கு."

திரும்பி வரும்போது எல்லாச் சிக்னலும் எங்களைப் பார்த்ததும் சிவந்தது. அவள் நாளையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். நான் ம் கொட்டினேன். பெரிய தவறு எதுவும் நடந்திருக்காது, ஸ்பானருக்குச் செய்தி போயிருக்கும், அவர் சொன்ன பேச்சு மாறாதவர் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பன்னிரண்டு நாற்பதுக்கு உள்ளே நுழைந்தோம்.

முதலில் கண்ணில் பட்டது சாம்பல் கார். ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றது. இரண்டு கதவுக்குப் புது ரப்பர் போட்டிருந்தது. மூன்றாவது கதவில் பழைய ரப்பர் பாதி உரிந்து தரையில் தொங்கியது. பக்கத்தில் ஆளில்லை. ஸ்பானர் வேலையைப் பாதியில் விட்டுப் போகிறவர் இல்லை. யாராவது நிறுத்தச் சொன்னால் ஒழிய.

அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. டீச்சர் எனக்கு முன்னால் போய்விட்டாள்.

வெள்ளைக் காருக்குப் பின்னால் ஸ்பானர் துணியில் கை துடைத்துக்கொண்டு நின்றார். டிக்கி மூடியிருந்தது. பை வெளியே இல்லை.

"வந்துட்டியா டிக்கி?" என்றார். முகத்தில் ஒரு நல்ல வேலையை முடித்த சந்தோஷம். "ரப்பரை நிறுத்தச் சொல்லி நீ போன் பண்ணியாமே, அந்தப் பொண்ணு வந்து சொல்லுச்சு. சரி, கை சும்மாதானே இருக்குன்னு இதை எடுத்துட்டேன். அஞ்சு நிமிஷ வேலை." டிக்கியைத் திறந்தார். டீச்சரின் பை குறுக்கே, யாரோ அளவெடுத்துத் தைத்ததுபோலப் படுத்திருந்தது. மறுபடி சாத்தினார். டப் என்று ஒரே சத்தம். "பாருங்கம்மா, எவ்வளவு சுகமா மூடுதுன்னு."

"போகுதே!" என்றாள் டீச்சர். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. என்னைப் பார்த்து, "வைக்கிற விதத்துல இருக்குன்னு சொன்னீங்க, சரிதான்" என்றாள். அந்த மூன்று நொடி அவள் சந்தோஷமாக இருந்தாள். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றுவரை சோறு இறங்குவதில்லை.

டிக்கியைத் திறந்து பையை எடுத்தாள். மழை உறையைக் கழற்றினாள். நீள மட்டையின் மேல் கை போனது. இன்னும் முழுதாக உருவக்கூட இல்லை, முகம் மாறிவிட்டது. உருவினாள். காலை அகட்டி, வழக்கம்போல நின்று, மட்டையைத் தரையை நோக்கி இறக்கினாள். மட்டையின் தலை தரையைத் தொடவில்லை. ஒரு சாண் உயரத்தில் அந்தரத்தில் நின்றது. குனிந்தால்தான் தரைக்கு எட்டும். அவள் குனியவில்லை. அப்படியே நின்றாள்.

ஸ்பானர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

"இது... இவங்களோடதா?"

நான் தலையாட்டினேன்.

"பிடி தேஞ்சிருக்கே, புதுசு மாதிரி இல்லையேன்னு பார்த்தேன்டா. கேக்கலாம்னுதான் நினைச்சேன். கேட்டா நீ கத்துவியே." வெள்ளைக் காரின் பம்பரில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

மேனேஜர் அறையைவிட்டு வெளியே ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும், "மேடம், ஒண்ணும் கவலைப்படாதீங்க, புது மட்டை வாங்கித் தந்துடறோம்" என்றார்.

"ஏழு பத்துக்குள்ளேயா?" என்று கேட்டாள்.

அழுவாள் என்று நினைத்தேன். கத்துவாள், மட்டையாலேயே என்னை அடிப்பாள் என்றுகூட எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் தேவலை. அவள் ஸ்பானரிடம் போய்க் கையை நீட்டினாள். "அந்தத் துண்டு எங்கே?" அவர் மேல்சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கறுப்புக் குழாய்த் துண்டு. அதைப் பையின் பக்கவாட்டில், பந்து வைக்கும் அறையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். பிறகு என் முன்னால் வந்து நின்றாள்.

"அந்த வேலையைச் செய்ய வேணாம்னு போன்ல சொன்னீங்களே, அது இதுதானா?"

"ஆமா டீச்சர்."

"அந்தப் பொண்ணு எந்த வேலைன்னு கேட்டுது."

"ஆமா."

"நான் பக்கத்துல இருந்ததால நீங்க சொல்லல."

தலையை ஆட்டினேன்.

"சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்? நான் கார் வாங்கியிருக்க மாட்டேன். அவ்வளவுதானே சார்?"

"அவ்வளவுதான்" என்றேன்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள். கதவைத் திறந்துவிடக்கூட யாரும் நகரவில்லை. கண்ணாடிக்கு அப்பால், வாசலில் அவளுடைய பழைய வண்டி. பின் கதவைத் திறந்து பையைச் சீட்டின் மேல் படுக்க வைத்தாள். பழக்க தோஷத்தில் கதவை ஓங்கிச் சாத்திவிட்டு, இரண்டாவது தரம் சாத்துவதற்காகக் கையைப் பிடியின் மேலேயே வைத்திருந்தாள். கதவு முதல் தரத்திலேயே மூடியிருந்தது.